திரையில் மருத்துவர் வரட்டும். பாதத்தை யார் தொடுவது?

‘சர்க்கரை வியாதி எல்லாம் உட்கார்ந்து சாப்பிடுறவங்களுக்கு வர்றது’ என்ற பேச்சு நம் தெருக்களில் இன்னும் ஓயவில்லை. நாற்று நடுகிறவர்களுக்கும், உப்பளத்தில் வெயிலில் நிற்கிறவர்களுக்கும், விடியும் முன் குப்பை வண்டி தள்ளுகிறவர்களுக்கும் அந்த நோய் வராது என்பது நம் மக்களின் நம்பிக்கை. கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ‘இண்டியாப்’ ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றும், 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் அது சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நோய் இருக்கிறது. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். காலனி என்பதற்காக இந்த நோய் விலகிப் போவதில்லை.

இந்த ஏழில் ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் மருத்துவர் தேவை. ஒருமுறை ஊசி போட்டுச் சரியாக்குகிற நோயல்ல இது. மாதாமாதம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, ஆண்டுக்கு ஒருமுறை கண், சிறுநீரகம், பாதம் என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒருநாள் கூலி போகிறது. பேருந்துச் செலவு, கூட வருகிறவரின் கூலி என்று சேர்த்தால் இலவச மருத்துவம் இலவசமாக இருப்பதில்லை. அதனால்தான் தொலைமருத்துவம் என்ற ஏற்பாட்டை நாம் வரவேற்கிறோம். கைபேசித் திரையிலோ துணைச் சுகாதார நிலையக் கணினியிலோ மருத்துவர் வந்து பேசினால் பாதிப் பயணம் மிச்சம். ஆனால் வரவேற்பதோடு நிற்க முடியாது. மீதிப் பாதியில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டிய கடமையும் நமக்கு இருக்கிறது.

நம் மாவட்டமே காட்டிய வழி

தொலைமருத்துவம் கொரோனாக் காலத்தில் வானத்திலிருந்து குதித்ததல்ல. நம் செங்கல்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்திலிருக்கும் சூணாம்பேட்டில், அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த காலத்திலேயே, பெரியதொரு முயற்சி நடந்தது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், மருத்துவர் வி.மோகன் தலைமையில், சூணாம்பேட்டைச் சுற்றிய 42 கிராமங்களில் அதைச் செய்தது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடு ஒரு வேன் ஊர் ஊராகப் போனது. விழித்திரையைப் படமெடுக்கும் கருவி, பாத உணர்ச்சியை அளக்கும் கருவி, கால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் கருவி எல்லாம் அந்த வேனுக்குள் இருந்தன. எடுத்த படங்களைச் சென்னையில் நிபுணர்கள் பார்த்தார்கள். சூணாம்பேட்டிலேயே ஒரு சிகிச்சை மையமும் இயங்கியது.

2012இல் ஆய்விதழில் வெளியான அதன் முடிவுகள் நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. 42 கிராமங்களில் பெரியவர்கள் 27,014 பேர். அவர்களில் 23,449 பேரைச் சோதித்தார்கள். 1,138 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. 3,410 பேர் அதன் முந்தைய நிலையில் இருந்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ‘எச்பிஏ1சி’ அளவு, நோயாளிகள் அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில், ஓராண்டுக்குள் 9.3லிருந்து 8.5ஆக இறங்கியது. சென்னைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு.

கடைசி வரியை மறுபடி படியுங்கள். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஊரை விட்டுப் போகாமலே சிகிச்சை பெற முடிந்திருக்கிறது. தொலைமருத்துவத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. சிக்கல்களுக்காகச் சோதிக்கப்பட்டவர்களில் 18.2 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. 30.9 விழுக்காட்டினருக்கு நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. நரம்பு பாதித்தால் பாதம் மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. மூன்றில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட இந்த நிலை. இது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது? கருவியை எடுத்து ஒருவர் அந்தப் பாதத்தின் மேல் வைத்ததால். சூணாம்பேட்டு வேன் வெற்றி பெற்றதற்குச் செயற்கைக்கோள் பாதிக் காரணம். வேனிலிருந்து இறங்கி வந்து காலைப் பிடித்துப் பார்த்தவர்களின் கை மறுபாதிக் காரணம்.

தொடாத மருத்துவம் யாருக்குப் புதிது?

தொலைமருத்துவம் என்றால் தொடாமல் பார்க்கும் மருத்துவம். மற்றவர்களுக்கு இது புதிய ஏற்பாடாக இருக்கலாம். நமக்கு அப்படியல்ல. நாடித் துடிப்பைத் துணி போட்டுப் பார்த்த கதைகளையும், மாத்திரையை மேலிருந்து கையில் போட்ட கதைகளையும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நாம். அது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகள் மருத்துவ சேவையில் எதிர்கொள்ளும் பாகுபாடு குறித்து பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா 2010இல் வெளியிட்ட ஆய்வு, பரிசோதனையின்போது தொடுவதைத் தவிர்ப்பது ஒரு முக்கியமான பாகுபாடு என்று பதிவு செய்திருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம், திரைக்குச் சாதி தெரியாது. சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் மருத்துவருக்கு இந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் எந்தத் தெரு என்று தெரியாது. உள்ளூர் முகங்களுக்கு முன் சொல்லத் தயங்குவதை அவரிடம் சொல்லலாம். இது நமக்குக் கிடைத்த வசதி. இன்னொரு பக்கம், தொட விரும்பாதவருக்கு இது நல்ல சாக்கு. ‘டாக்டர்தான் வீடியோவில பாத்துட்டாரே’ என்று சொல்லிவிட்டால் யாரும் அந்தக் காலைக் கையில் எடுக்க வேண்டியதில்லை.

நாம் போய்வந்த குடியிருப்பு ஒன்றில், வயல் வேலை செய்யும் ஓர் அம்மா இதை நம்மைவிட எளிமையாகச் சொன்னார்: “டாக்டரு நல்லாத்தாம்பா பேசறாரு. என்னம்மா செய்யுதுன்னு கேக்குறாரு. கால் எரியுதுங்க சார்னு சொன்னேன். மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. கால யாரும் பாக்கல. நானும் காட்டல.” அவர் பாதத்தின் அடியில் ஐந்து ரூபாய் நாணய அளவில் ஒரு புண் இருந்தது. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. வலிக்காத புண் அது.

சர்க்கரை நோயில் காலை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. முள்ளோ, கல்லோ, தேய்ந்த செருப்பின் ஆணியோ குத்துகிறது. வலிக்காததால் வேலை தொடர்கிறது. சேற்றிலும் சாக்கடையிலும் நின்றதில் சீழ் பிடிக்கிறது. காய்ச்சல் வரும்போதுதான் மருத்துவமனைக்குப் போகிறார்கள். விரலை எடுக்க வேண்டும், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. கூலிக்காரருக்குக் கால் போனால் பிழைப்பு போனது.

இந்தச் சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. ‘மோனோஃபிலமென்ட்’ என்று ஒரு நைலான் இழை. பாதத்தில் சில இடங்களில் அதை வைத்து அழுத்தி, கண்ணை மூடியிருப்பவரிடம் ‘தெரியுதா?’ என்று கேட்க வேண்டும். சில நிமிட வேலை. தமிழ்நாடு அரசு ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற பெயரில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காக்கும் திட்டத்தை அறிவித்திருக்கிறது. அது நம் தெருவுக்கும் வர வேண்டும்.

மரத்துப்போன பாதத்தைக் காப்பது எப்படி என்பதில் நம் மாவட்டத்துக்கு நீண்ட அனுபவமும் உண்டு. செங்கல்பட்டு திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. தொழுநோயிலும் இதே சிக்கல்தான்: உணர்ச்சியற்ற பாதம், வலிக்காத புண். எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் அறிந்த மெத்தென்ற ரப்பர் செருப்பு அந்த நோயாளிகளின் பாதங்களைக் காத்தது. யாரும் தொடத் தயங்கிய உடல்களைத் தொட்டுக் கழுவிக் கட்டுப்போட்ட மருத்துவப் பணியாளர்கள் வாழ்ந்த மண் இது. அந்தப் பயிற்சி துணைச் சுகாதார நிலையம்வரை வருவது ஒன்றும் பெரிய காரியமில்லை.

திரையில் கேட்க வேண்டிய கேள்விகள்

மத்திய அரசின் ‘இ-சஞ்சீவனி’ சேவை 2019இல் தொடங்கியது. துணைச் சுகாதார நிலையத்தில் இருக்கும் பணியாளர், பெரிய நிலையத்திலுள்ள மருத்துவரோடு கணினியில் இணைப்பது ஒரு வகை. நோயாளி தன் கைபேசியிலிருந்து நேரே மருத்துவரைப் பார்ப்பது இன்னொரு வகை. இது 2020இல் ஊரடங்கின்போது வந்தது. அதே ஆண்டு மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நெறிமுறைகளும் வெளியாயின. அவற்றின்படி திரையில் வருகிறவர் பதிவுபெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். ‘எனக்கு நேரில் காட்ட வேண்டும்’ என்று நோயாளி எந்தக் கட்டத்திலும் சொல்லலாம். இது உரிமை. சலுகை என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது வேலையைப் பற்றி. சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். இன்சுலினும் அப்படியே. விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு டீயோடு கிளம்பி, பத்து மணிக்குச் சாப்பிடும் தூய்மைப் பணியாளருக்கு, ‘காலையில் ஒன்று, இரவில் ஒன்று’ என்று பொதுவாக எழுதிக் கொடுக்கும் சீட்டு ஆபத்தானது. ‘நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன், எப்போது முதல் சோறு சாப்பிடுகிறேன்’ என்று நாமே சொல்லியாக வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், கால் தள்ளாடும். இதை வேலையிடத்தில் என்னவென்று சொல்வார்கள் தெரியுமா? ‘காலையிலேயே குடிச்சிட்டு வந்துட்டான்.’ நம் ஆட்கள்மேல் இந்தச் சொல் எவ்வளவு சுலபமாக ஒட்டுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் தேவை வசை அல்ல. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை. தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; 108ஐ அழைக்க வேண்டும். மேஸ்திரிகளும் மேற்பார்வையாளர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள் குப்பியையும் ஊசியையும் ஒருமுறையாவது திரையில் காட்டிவிட வேண்டும். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் புழங்குகிறது. 100 யூனிட் உள்ளதும் புழங்குகிறது. ஊசியும் அதற்கேற்ப இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஊசியில் இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விடும். ‘பத்து யூனிட் போடுங்க’ என்று மருத்துவர் சொல்வது சரியாகவே இருக்கும். இங்கே கை தவறாகப் போட்டிருக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், மண்பானைத் தண்ணீரின் நடுவில் சின்னக் கிண்ணத்தில் நனையாமல் வைக்கலாம். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். சொன்னால்தான் வழி கிடைக்கும்.

சாப்பாட்டு அறிவுரையும் திரையில் வருகிறது. சிறுதானியம் சாப்பிடுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள், அரிசியைக் குறையுங்கள். நல்ல அறிவுரைதான். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலமற்ற நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதன் பயனாகப் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலம் எங்கே போயிற்று என்பதும் நாம் அறிந்ததே. கேழ்வரகு விதைக்கக் கையகல நிலம் இல்லாத வீட்டில் ரேஷன் அரிசிதான் உலை. ஆகவே ‘சார், எங்க வீட்டுல இந்த அரிசிதான், இதுல எவ்வளவு சாப்பிடலாம், கூட என்ன சேத்துக்கலாம்?’ என்று கேளுங்கள். சோற்றின் அளவைக் குறைத்து, முருங்கைக்கீரையும் பயறும் மீனும் முட்டையும் கூட்டுவது நம் அடுப்பில் முடிகிற காரியம்.

அண்ணலுக்கும் இருந்த நோய்

நோயை வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. நம் வீட்டுச் சுவரில் படமாக இருக்கும் அண்ணல் அம்பேத்கரும் சர்க்கரை நோயாளிதான். கால் வலியாலும் நரம்புக் கோளாறாலும் ஆண்டுக்கணக்கில் துன்பப்பட்டவர், இன்சுலின் போட்டுக்கொண்டவர். மும்பையில் மருத்துவர் மால்வங்கரிடம் சிகிச்சைக்குப் போனார். மருத்துவர் சாரதா கபீரையும் மும்பையில்தான் சந்தித்தார். டெல்லியிலிருந்து மும்பைக்கு அவருக்கு எழுதிய கடிதங்களில் தன் உடல்நிலையை விவரித்தார். அந்தக் காலத்துத் தொலைமருத்துவம் அஞ்சல் வழியில்தான் நடந்தது. 1948 ஏப்ரல் 15 அன்று அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள். சவிதா அம்பேத்கராக ஆன அந்த மருத்துவர் 1956 டிசம்பர் 6 வரை அவரைக் கூடவே இருந்து கவனித்துக்கொண்டார். ‘புத்தரும் அவரது தம்மமும்’ நூலுக்கு எழுதிய முன்னுரையில் அம்பேத்கர் சவிதாவுக்கும் மால்வங்கருக்கும் நன்றி சொல்லியிருக்கிறார்.

கடிதம் போதுமென்று அவர் இருந்துவிடவில்லை. தொட்டுப் பார்க்கும் மருத்துவரும் பக்கத்தில் தேவைப்பட்டார். அந்தக் கவனிப்பில் கிடைத்த ஆண்டுகளில்தான் அரசமைப்புச் சட்டம் நிறைவேறியது, நாக்பூரில் தம்ம தீட்சை நடந்தது, அந்த நூலும் எழுதி முடிந்தது. நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பது என்றால் வாழ்நாளை மீட்டெடுப்பது.

கேட்டுப் பெற வேண்டியவை

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்ற திட்டம். தொலைமருத்துவத்துக்குத் தேவையான அந்த மறுபாதிக் கை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதே இதன் பொருள். அந்தக் கை நம் வாசலுக்கு உள்ளே வருகிறதா என்பதே கேள்வி. நம் பெண்களே தன்னார்வலராக இருக்கும் தெருக்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வேறு சில இடங்களில் தெருமுனையில் மரத்தடிக்கு எல்லோரையும் வரச் சொல்கிறார்கள். மரத்தடியில் மாத்திரை தரலாம். பாதத்தைப் பார்க்க முடியாது.

எனவே நாம் கேட்பவை இவை. ஒவ்வொரு ஆதிதிராவிடர் குடியிருப்புக்கும் அந்தக் குடியிருப்பிலிருந்தே தன்னார்வலர் நியமிக்கப்பட வேண்டும். அவர் பையில் சர்க்கரை பார்க்கும் கருவியோடு பாத உணர்ச்சி பார்க்கும் இழையும் இருக்க வேண்டும். துணைச் சுகாதார நிலையத்தில் தொலைமருத்துவ நேரம் மாலை ஆறு மணிக்கு மேல் வாரம் இரண்டு நாளாவது இருக்க வேண்டும்; அப்போதுதான் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கூலி இழக்காமல் வர முடியும். திரையில் மருத்துவரைப் பார்க்கும் முன் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்துக் குறித்துவைப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு இலவசமாகத் தர வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் அனைவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை ஊதியத்தோடு கூடிய பரிசோதனை நாள் வேண்டும்.

இவற்றைக் கேட்க இடம் தேடி அலைய வேண்டாம். ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் நம் தெருவிலிருந்து பத்துப் பேர் போய், இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுவோம். அதுவரை ஒரு வேலையை நாமே செய்யலாம். இரவு படுக்கும் முன், வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவரின் காலைக் கழுவித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் பார்ப்போம். வெடிப்போ கொப்புளமோ நிறமாற்றமோ தெரிந்தால், மறுநாள் திரைக்கு முன் உட்கார்ந்ததும் வாய் திறந்து பேசுவதற்கு முன்பு காலைத் தூக்கிக் காட்டச் சொல்வோம்.